எழுபது சதவீதம்

லோயர்கேம்பில் பஸ் ஏறும்போது
சாக்லேட் தின்றால் வயிற்றில் பூச்சி.
இரைச்சல் பாலம் வருவதற்குள்
முகப்பருவும் சேர்ந்துகொள்ளும்,
பின்சீட்டுப் பிள்ளைகள்
ஒருத்தி கன்னத்தை ஒருத்தி பார்த்துச் சொல்வது.
செக்போஸ்டில் டிரைவர் தலையை நீட்டி
என்னவோ சொல்லிச் சிரித்து நகர்ந்ததும்
அதுவே இதயத்துக்கு மருந்து.

ஆறேழு கிலோமீட்டர் மலையில்
எந்த வளைவில் நஞ்சு மருந்தாகிறது என்று
நான் கவனித்ததில்லை.
எனக்குச் சம்பளம் மேலே.

குமுளியில் குரியாச்சன் கடை.
ஏலக்காய்க்கும் மிளகுக்கும் நடுவே கண்ணாடிப் பெட்டி.
பழுப்பு, வெள்ளை, முந்திரி பதித்தது,
ஓரத்தில் எழுபது சதவீதம்:
கறுப்பு, கசப்பு, இரட்டை விலை.
சேர்ந்த வாரமே முதலாளி சொன்னார்,
"பவுன்தாயி, கசப்பு விற்காது. காரணம் விற்கும்."

காரணங்களைக் கற்றேன்.
பிரஷருக்கு நல்லது சார்.
சுகர் இருந்தாலும் சாப்பிடலாம் மேடம்.
ஹார்ட்டினு நல்லதா சேட்டா.
ரத்தம் சுத்தமாகும் என்பது மட்டும்
யாரும் சொல்லித் தராதது.
நானாகச் சேர்த்தேன்.
அதற்குத்தான் அதிகம் விற்றது.

ஒச்சப்பன் அண்ணன்
ஜீப்பை எங்கள் வாசலில்தான் போடுவார்.
விடியலில் பதினாறு பெண்களை அடைத்து
ஏலத்தோட்டத்தில் இறக்குவார்,
அந்தியில் அவர்களோடு மலை இறங்குவார்.
நடுவில் எங்கள் தகர நிழலில் பேப்பர்.
படிக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆடிச் சாரல் கண்ணாடியில் வழிந்த ஒரு மத்தியானம்
பத்தும் இருபதுமாக எண்ணி வைத்தார்.
"அந்தக் கறுப்புல ஒண்ணு குடு."
யாருக்குண்ணே?
"எனக்குத்தான். இது மூணாவது.
மாத்திரைய விட்டு இருபது நாளாச்சு.
நீதானே சொன்ன,
அந்த மெட்ராஸ்காரருக்கு.
கசக்குது. கசந்தா மருந்துதானே.
பின்மண்டை மட்டும் விண்ணு விண்ணுங்குது.
சாக்லேட் தின்னா தலைவலி வரும்பாங்களே,
அதுவாத்தான் இருக்கும்."

ஒரு பொய்யை விழுங்கி
இன்னொரு பொய்யால் ஏப்பம் விடுகிறார்.
இரண்டும் எங்கள் பெட்டியில் இருப்பவை.
நான்கு பாஷையில் வாயடிப்பவள்
ஒன்றிலும் பேச்சு வராமல் நின்றேன்.
ஜீப்பைப் பார்த்தேன்.
கொண்டை ஊசி வளைவுகளைப் பார்த்தேன், இங்கிருந்து தெரியாதவற்றை.
பின்பலகையில், டயருக்கு மேலே,
என் நாத்தனார் ராக்கம்மா உட்காரும் இடம்.

ரூபாயை அவர் சட்டைப்பையிலேயே திணித்து
பஸ் ஸ்டாண்டு மருந்துக்கடைக்கு இழுத்துப் போனேன்.
கைப்பட்டை புஸ்ஸென்று ஊதி இறங்கியது.
நூற்றெண்பத்திரண்டு.
ஷைனி இன்னொரு முறை ஊதினாள்.
மாறவில்லை.

"கொக்கோவில் கொஞ்சம் நல்லது உண்டு, இருக்கட்டும்,"
பில் போடும் குரலில் சொன்னாள்,
"மாத்திரை நாற்காலியில் அது உட்காராது.
சர்க்கரையும் கொழுப்பும் கூடவே வரும்.
இப்பவே டாக்டர்."

"அப்ப பூச்சி?" என்றார் அண்ணன்,
எதையாவது காப்பாற்றிக்கொள்ள விரும்பியவராக.
"அது கழுவாத கையில் வருவது."
அவர் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.
கிரீஸ்.

அன்று ஜீப்பை இறக்கியது வேறொருவர்.
ராக்கம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.
இன்றுவரை சொல்லவில்லை.

மறுவாரம் கோட்டயத்துக்காரர் ஒருவர்
கறுப்புக் கட்டியைத் தூக்கிப் பிடித்து
பிரஷருக்கு நல்லதா என்றார்.
குரியாச்சன் கல்லாவில் இருந்தார்.
நான் சொன்னேன்: கசக்கும் சார்.
பிடித்தால் நன்றாக இருக்கும்.
வேறொன்றும் எனக்குத் தெரியாது.

அவர் முந்திரி வாங்கினார்.
குரியாச்சன் மிளகு எடையை
தேவைக்கு மேல் ஒருமுறை சரிபார்த்தார்.

ஒச்சப்பன் அண்ணன் வந்துவிட்டார்,
மாத்திரை அட்டை சட்டைப்பையில் துருத்திக்கொண்டு.
அதே தகர நிழல், அதே பேப்பர்.
நான் வாய் திறக்கும்போதெல்லாம்
பேப்பர் இரண்டு விரற்கடை
தாழ்கிறது.